வெந்நீர் வந்தால் மட்டும் போதாது

மெர்போக் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய வீடுகளில் இரும்பு ஆணி விரைவில் துருப்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், மாணவர்களே. காற்றிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்த்து உலோகத்தை அரிக்கிறது. குளியலறையில் உள்ள உடனடி நீர்ச்சூடேற்றியின் மின் இணைப்புகளும் இதற்குத் தப்புவதில்லை.

3.6 கிலோவாட் சூடேற்றி 230 வோல்ட்டில் ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக் அதற்குப் போதாது. தனி வயரிங் வேண்டும். இணைப்பு அரித்தால் மின்தடை கூடி, அந்த இடம் சூடேறும்.

மின்கசிவுத் துண்டிப்பான், போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிடுகிறது. குளியலறைக்கு உரிய வகை, 10 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்திவிடும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.

ஆனால், அந்தப் பொத்தான் எர்த் கம்பியைச் சோதிப்பதில்லை. தகுதி பெற்ற வயர்மேன்தான் அதை அளந்து பார்க்க வேண்டும். கடலோர வீடுகளில் அந்தச் செலவைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே என் கருத்து.