பிறவிக் குணமா, இருக்கும் இடமா?



விண்மீன் மண்டலம் எத்தனை வகைப்படும்னு கேட்டா நாம எல்லாருமே கை தூக்குவோம். சுருள், நீள்வட்டம், ஒழுங்கற்றது. ரெண்டு மார்க். சுருள் மண்டலத்தில் புது நட்சத்திரம் பிறந்துகொண்டே இருக்கும், நீள்வட்டத்தில் பெரும்பாலும் பிறக்காது என்று ஒரு வரி சேர்த்தால் சாருக்குச் சந்தோஷம். ஆனால் இப்படி எழுதும்போது அதெல்லாம் அதனதன் பிறவிக் குணம் மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு மண்டலம் எங்கே குடியிருக்கிறது, அதன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் படிப்பது பாதிப் படிப்புதான் என்பது என் கருத்து.

நட்சத்திரம் பிறக்கக் குளிர்ந்த வாயு வேண்டும், முக்கியமாக ஹைட்ரஜன். நம்ம பால்வெளியில் அது இன்னும் மிச்சம் இருக்கு. வருசத்துக்கு ஒன்றிரண்டு சூரியன் எடைக்குப் புது நட்சத்திரங்கள் உண்டாகின்றன. மெதுவான வேலைதான். 1.2 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் எம் 82 என்ற மண்டலத்தில் இதைப்போலப் பத்து மடங்கு வேகம். காரணம் பக்கத்து வீட்டு எம் 81. அந்தப் பெரிய மண்டலத்தின் ஈர்ப்பு இதன் வாயுவைக் கலக்கி அமுக்கிவிட்டது. எம் 82-ஐ ரொம்ப காலம் ஒழுங்கற்ற வகையில்தான் வைத்திருந்தார்கள். 2005-ல் அதற்கும் சுருள் கரங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நாம மனப்பாடம் செய்கிற வகைகள் எவ்வளவு உறுதி என்று இதிலேயே தெரியும்!

பக்கத்து வீடு இப்படி. ஊரே கூட்டமாக இருந்தால்? 1980-ல் ஆலன் டிரெஸ்லர் என்ற அமெரிக்க வானியலாளர் 55 மண்டலக் கூட்டங்களை ஆராய்ந்தார். நெருக்கம் கூடக் கூடச் சுருள் மண்டலங்கள் குறைந்துகொண்டே போயின. ஏன் என்பதற்கு ஒரு காரணத்தை 1972-லேயே ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் என்ற இருவர் சொல்லியிருந்தார்கள். கூட்டத்தின் நடுவில் இருப்பது சும்மா வெற்றிடம் இல்லை. சில கோடி டிகிரி சூட்டில் மெல்லிய வாயு பரவியிருக்கிறது. அதற்குள் ஒரு சுருள் மண்டலம் வேகமாக விழுந்தால் எதிர்காற்று அடிக்கும். காத்தே இல்லாத நாளில்கூட மொபெட்டில் பின்னாடி உட்கார்ந்து போனால் துப்பட்டா பறக்குதே, அதே கதைதான்.

எங்க அம்மிச்சி களத்தில் சோளம் தூற்றுவதைப் பார்த்திருக்கிறேன். கனமான மணி காலடியிலேயே விழும், பதர் பறந்துவிடும். மண்டலத்திலும் நட்சத்திரங்கள் அப்படியே நின்றுவிடும், வாயு பறந்துவிடும். ஒரே வித்தியாசம், இங்கே பறந்து போவது பதர் இல்லை, விதைச் சோளம். அதற்குப் பிறகு பழைய நட்சத்திரங்கள் மட்டும் வயசாகிக்கொண்டே இருக்கும்.

இதை நம்ம நாட்டுத் தொலைநோக்கியும் பார்த்திருக்கிறது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஆஸ்ட்ரோசாட்டில் ஒரு புற ஊதாத் தொலைநோக்கி இருக்கிறது. அதன் கண்ணாடி சுமார் 38 செ.மீ. அகலம், ஒன்றரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட. புதிதாகப் பிறந்த சூடான நட்சத்திரங்கள் புற ஊதாவில் நன்றாகத் தெரியும். நம்ம காவலூர், கொடைக்கானல் ஆய்வகங்களை நடத்தும் அதே பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தினர், இத்தாலி நாட்டவர்களோடு சேர்ந்து ஜேஓ 201 என்ற மண்டலத்தை இதில் பார்த்து 2018-ல் எழுதினார்கள். 70 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் ஏபெல் 85 என்ற கூட்டத்துக்குள் அது நொடிக்கு 3000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. வாயு பிய்ந்து ஜெல்லி மீன் வால் மாதிரித் தொங்குகிறது. எனக்கு ஆச்சரியம் என்னன்னா, பிய்ந்து போன அந்த வாலுக்குள்ளேயே கொத்துக் கொத்தாகப் புது நட்சத்திரங்கள் பிறந்திருக்கின்றன. வீட்டை விட்டு வெளியே எறியப்பட்ட வாயுவில்!

இடம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ரொம்பப் பெரிய மண்டலங்கள் தனியாக இருந்தாலும் உள்ளுக்குள்ளேயே பிறப்பு நின்றுவிடும் என்றும் ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ரெண்டும் உண்டு. நாம ஒன்றை மட்டும் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறோம், அதுதான் என் வருத்தம்.

வானத்தில் மட்டும் இப்படி என்றால் விட்டுவிடுவேன். எட்டாவதில் என் பெஞ்சில் இருந்தவள் இப்போது நூல் மில்லுக்குப் போகிறாள். "அவளுக்குப் படிப்பு மண்டையில ஏறாதுங்க"ன்னு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இயற்கணிதம் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். மில் வேன் விடியக் காலையில் அவங்க வாசலுக்கே வருது. பள்ளிக்கூடத்துக்கு வர ஒரே ஒரு டவுன் பஸ், அதற்கும் ரெண்டு மைல் நடக்கணும். வீட்டில் கடன். மனுசங்க வாயு இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் இதையெல்லாம் பார்க்காமல் மண்டையை மட்டும் குறை சொல்வது என்ன நியாயம்?

பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதணும்னு அவளுக்கு ஆசை இருக்கு. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. அன்னைக்கு மட்டும் நூலக அறையைத் திறந்துவிடுவீங்களா டீச்சர்? சாவியை நானே வந்து வாங்கிக்கிறேன், கூட்டிப் பெருக்கிப் பூட்டித் திருப்பித் தந்துடறேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி