பெயிண்ட் இழுக்காது

பழைய டிராக்டர் ஒண்ணை வாங்கி, தகரத்துல ஒடுக்கெடுத்து, சிவப்புப் பெயிண்ட் அடிச்சு, ரிம்முக்கு வெள்ளி பூசி நிறுத்தினா அதுக்குப் பேரு 'ரெஸ்டோரேஷன்'. பட்டணத்து நண்பர்கள் நிறையப் பேர் இப்படித்தான் நம்பிக்கிட்டிருக்கீங்க. நம்புறது உங்க உரிமை. ஆனா அந்த வண்டியைக் கொண்டாந்து செம்மண்ணில் கலப்பையை இறக்கி, பத்து சால் ஓட்டினதும் நின்னு போச்சுன்னா, "அண்ணே, இன்ஜின் போச்சு போல"ன்னு எனக்கு போன் போடுறீங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோபம் வருது. உங்க மேல இல்லை. உங்களுக்கு அதை அப்படி வித்தவங்க மேல.

காரைக்குடிக்கு வர்றவங்க முனீஸ்வரன் கோவில் தெருவைப் பார்க்காமப் போறதில்லை. இடிச்ச வீட்டுத் தேக்குத் தூணு, கதவு நிலை, பீங்கான் சட்டி, பித்தளைப் பாத்திரம் எல்லாம் அங்கே கிடைக்கும். வாங்கிட்டுப் போய்த் துலக்கி வச்சா அழகுதான். தூணுக்கு இனி வேலை இல்லை, நின்னா போதும். சிக்கல் என்னன்னா, அதே கண்ணோட டிராக்டரையும் பார்க்க ஆரம்பிச்சாச்சு. எங்க அரியக்குடி குத்துவிளக்குக்குப் பேர் போன ஊரு. விளக்கை எவ்வளவு துலக்கினாலும், திரி எரியலைன்னா எண்ணெய் ஏறுதான்னுதான் எங்க ஆத்தா பார்க்கும். பித்தளையைக் குறை சொல்லாது.

இன்னும் ஒரு படி மேலேயே போய்ச் சொல்றேன். புதுப்பிச்ச பழைய வண்டி இழுக்க மாட்டேங்குதுன்னு வந்தா, நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலும் காரணமே அந்தப் புதுப்பிச்ச வேலைதான். வயசு இல்லை.

எங்க பக்கத்து உதாரணம் ஒண்ணு சொல்றேன். வண்டி ஒரு எம்.எஃப் 1035. உங்க சென்னை செம்பியத்துல பொறந்த வண்டி. 1960-ல் தொடங்கின டாஃபே கம்பெனியோடது; இன்ஜின் சிம்சனோடது. 1840-ல் குதிரை வண்டி கட்டிக்கிட்டிருந்த அதே சிம்சன்தான், பின்னால பெர்கின்ஸ் வழியில டீசல் இன்ஜின் செய்ய வந்தது. இங்கிலாந்துல எம்.எஃப் 35 வந்த புதுசுல அதுல இருந்த நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின், குளிர்ல ஸ்டார்ட் ஆகாம விவசாயிகளைப் படுத்தி எடுத்தது. 1959-ல் பெர்கின்ஸின் மூணு சிலிண்டரைப் போட்ட பிறகுதான் அந்த வண்டிக்கு நல்ல பேரே வந்தது. அந்த மூணு சிலிண்டர் வழியில வந்த இன்ஜின் லேசுல சாகாது. அதைத்தான் ஒரு பட்டறையில "லைனர், பிஸ்டன் எல்லாம் போச்சு, பம்பையும் கழட்டணும்"னு ஒரே பார்வையில தீர்ப்பு எழுதினாங்க.

வண்டிக்காரத் தம்பி கோயம்புத்தூர்ல ஐ.டி வேலை பார்க்கிறவர். இங்கே தாத்தா வழியில கொஞ்சம் புஞ்சை இருக்கு. வண்டி காலையில ஜம்முனு ஸ்டார்ட் ஆகும். இருபது நிமிஷம் உழும். அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பிக்கும், சத்தம் தணியும், நின்னுடும். பத்து நிமிஷம் நிறுத்தி டீ குடிச்சுட்டு வந்தா மறுபடி ஸ்டார்ட் ஆகி, ஒண்ணுமே நடக்காத மாதிரி இழுக்கும். புகை? கருப்பும் இல்லை, நீலமும் இல்லை.

இந்த நாலு வரியிலேயே விடை இருக்கு. தேய்ஞ்சு போன லைனர் டீ குடிச்சுட்டு வந்தா வளராது. ஓய்வு கொடுத்தா திரும்பி வர்ற பலம், புகையே இல்லாம குறையிற பலம், ரெண்டும் சேர்ந்தா இன்ஜினுக்கு டீசல் போய்ச் சேரலைன்னு அர்த்தம். இதைத் தெரிஞ்சுக்க ஸ்பேனர் கூட வேண்டாம்.

"தம்பி, இந்தத் தடவை மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் டீசல் டேங்க் மூடியைத் திறங்க"ன்னேன். திறந்ததும் புஸ்ஸுன்னு காத்து உள்ளே போற சத்தம். மூடியில ஊசி முனை அளவு ஒரு துளை இருக்கும். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து வர்ற வழி அது. பெயிண்ட் அடிச்சவர் அதையும் சேர்த்து அடிச்சுட்டார். ரெண்டு கோட்டு. காத்து போக வழியில்லாத குடத்துலயிருந்து தண்ணி எப்படி விக்கி விக்கி வருமோ, அப்படித்தான் டீசல் வந்திருக்கு.

அதோட முடியலை. மூடியைச் சரி பண்ணின பிறகும் மதியத்துக்கு மேல ஒரு தடவை தணிஞ்சது. இந்த வண்டியில டேங்க் இன்ஜினுக்கு மேலே இருக்கிறதால டீசல் தானாவே கீழே இறங்கணும். ஃபீட் பம்புக்கு வர்ற பைப்பைக் கழட்டி ஒரு டப்பாவுல பிடிச்சுப் பார்த்தோம். முதல்ல நல்லா ஊத்துச்சு. கொஞ்ச நேரத்துல நூலாச்சு, அப்புறம் சொட்டு. டேங்கை இறக்கிக் கவிழ்த்தா, உள்ளேயிருந்து தோல் தோலா உரிஞ்சு விழுது. துருப்பிடிச்ச டேங்கை நல்லாக் கழுவிக் காய வைக்காமலே உள்ளே ஏதோ பூச்சு ஊத்தி அடைச்சிருக்காங்க. அது உரிஞ்சு டீசல்ல மிதக்குது. இன்ஜின் ஓடும்போது இழுபட்டுப் போய் வாய்ல அடைச்சுக்கும், நிறுத்தினா விலகிக்கும். டேங்குக்குள்ள கூழாங்கல்லு போட்டுக் குலுக்கி, கழுவி, வெயில்ல காய வச்சு, ஃபில்டர் ரெண்டும் மாத்தி, பேன்ஜோ போல்ட்டுக்குப் புது காப்பர் வாஷர் போட்டு, ஏர் எடுத்து விட்டோம். செலவு சில நூறு ரூபாய். அன்னைக்கு லைனர் பிஸ்டன் வேலைக்கு ஒத்துக்கிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? இன்ஜினைப் பிரிச்சு, புதுசு போட்டு, அதே டேங்கை மேலே ஏத்தி, அதே மூடியைத் திருகிக் கொடுத்திருப்பாங்க. வண்டி மறுபடி இருபது நிமிஷத்துல நின்னிருக்கும்.

மெக்கானிக் எல்லாரையும் திட்டுறேன்னு நினைக்காதீங்க. வண்டியோட முதுகைத் தட்டிப் பார்த்தே கோளாறு சொல்ற பெரியவங்க இன்னும் இருக்காங்க. என் சண்டை ஒரு வழக்கத்தோட. மூணு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே ரோட்டரி பம்பு இருக்கிற இன்ஜின் இது. அந்த டி.பி.ஏ. பம்புக்குத் தனியா ஆயில் கிடையாது; உள்ளே போற டீசல்தான் அதுக்கு மசகு. அழுக்கு டீசல் கொடுத்தா பம்பு தேயும், டீசலே கொடுக்காம ஓட்டினாலும் தேயும். அப்படி இருக்க, இழுக்கலைன்னதும் பம்பு சீலை உடைச்சு டீசலைக் கூட்டி விடுற கைங்கரியம் ஒண்ணு நடக்குது. அன்னைக்கு வண்டி இழுக்கும், உண்மைதான். கரும்புகை கக்கிக்கிட்டே இழுக்கும், டீசலைக் குடிக்கும், சூடேறும். அப்புறம் நிஜமாவே பிஸ்டனுக்கு வேலை வரும். பம்பைத் தொடணும்னா அளவு பார்க்கிற மேசையில ஏத்தித்தான் தொடணும். மரத்தடியில ஸ்குரூ டிரைவரை வச்சுக்கிட்டு இல்லை.

கரும்புகைன்னதும் இன்னொரு விஷயம். அது வந்தா டீசலுக்கேத்த காத்து இல்லைன்னு அர்த்தம். எங்க பக்கம் புழுதி உழவு. மழைக்கு முன்னாடியே, ஆடி ஆவணியில, காஞ்ச மண்ணை உழுது நெல்லை விதைச்சுட்டு, வானத்தைப் பார்த்துக்கிட்டு உக்கார்ற ஊரு. அந்த நேரத்துல டிராக்டர் ஓட்டிப் பாருங்க, முன் சக்கரம் கண்ணுக்குத் தெரியாது. இந்தப் பழைய வண்டிகளோட ஏர் கிளீனர் அடியில ஒரு சட்டி, அதுல ஆயில். புழுதியை அந்த ஆயில் பிடிச்சுக்கும். புழுதி உழவுக் காலத்துல அந்தச் சட்டியைத் தினமும் கழட்டிப் பார்க்கணும். ஆயில் களி மாதிரி ஆயிடுச்சுன்னா இன்ஜினுக்கு மூக்கடைப்பு. கோடு தாண்டி ஊத்தினாலும் தப்பு. புதுப்பிக்கிறவங்க சட்டியை வெளியில பளபளன்னு தேய்ச்சு வைப்பாங்க. உள்ளே கம்பி வலை மண்ணும் மக்குமா இருக்கும். அங்கேயிருந்து இன்ஜினுக்குப் போற ரப்பர் ஓஸ் வெளியில புதுசா இருந்தும் உள் அடுக்கு பிரிஞ்சு, இழுக்கும்போது ஒட்டிக்கிட்ட கதையும் உண்டு.

அப்புறம் ஆக்சிலேட்டர் கம்பி. ஒரு வண்டியில எல்லாம் சரியாத்தான் இருந்தது. மாத்திப் போட்ட கம்பி கொஞ்சம் நீளம் தப்பு. லீவரைக் கடைசி வரைக்கும் இழுத்தாலும் பம்புல இருக்கிற கை அதோட எல்லையைத் தொடலை. நிறுத்துற கம்பி முழுசாத் திரும்பலைன்னாலும் இதே கதி. ஒருத்தர் சீட்டுல உக்கார்ந்து இழுக்க, இன்னொருத்தர் பம்புக்கிட்ட நின்னு பார்த்தா அரை நிமிஷத்துல தெரிஞ்சுடும். பார்க்கத்தான் ஆள் இல்லை.

நிஜமாவே தேய்ஞ்ச இன்ஜின் எப்படி இருக்கும்னும் சொல்லணும், இல்லைன்னா ஒரு பக்கமாப் பேசினதா ஆகும். காலையில ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். நீலப்புகை வரும், ஆயில் குறையும், ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா உள்ளேயிருந்து புகை முகத்துல அடிக்கும். அந்த வண்டி காலையில ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி நடிக்காது. எப்பவுமே சோர்ந்துதான் இருக்கும். அதுக்கு லைனர் மாத்துங்க, நானே பாகம் வாங்க வர்றேன். இன்ஜின் சத்தம் குறையாம வண்டி மட்டும் நின்னா அது கிளட்ச்; இன்ஜின் பக்கமே போகாதீங்க. 35 ஹெச்.பி. வண்டிக்குப் பின்னால, பெரிய வண்டிக்குன்னு செஞ்ச ரோட்டவேட்டரை மாட்டிட்டு 'பவர் இல்லை'ன்னு சொன்னா, அதுக்கு என்கிட்ட மருந்து கிடையாது.

இவ்வளவு வேகம் எதுக்குன்னு கேட்பீங்க. ஒரு பழைய வண்டி "போச்சு"ன்னு தீர்ப்பானா, அது ஒண்ணு எடைக்குப் போகும், இல்லை ஏதாவது ரிசார்ட் வாசல்ல செடித்தொட்டிக்குப் பக்கத்துல நிக்கும். ரெண்டு மூணு ஏக்கர் வச்சிருக்கிறவனுக்குப் புது வண்டி வாங்கக் கடன் கட்டுபடியாகாது. அவன் மணிக் கணக்கு வாடகை வண்டிக்குக் காத்திருக்கணும். மழை பெய்ஞ்சா ஊரே ஒரே நாள்ல வண்டி தேடும். நம்ம முறை வர்றதுக்குள்ள ஈரம் காஞ்சிடும். அவன் கைக்கு எட்டுற விலையில இருந்த வண்டியை நீங்க அலங்காரத்துக்கு வாங்குறீங்க, அதனாலயே அதோட விலையும் ஏறுது. இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு, படிக்கிறவங்கள்ல பாதிப்பேர் அப்படி ஒரு வண்டி மேல ஆசை வச்சிருப்பீங்க.

அரசாங்கக் கணக்குலயும் இதே பார்வைதான். 2021 ஜூலையில மத்திய அரசு பழமை வாகனங்களுக்குன்னு தனி விதி போட்டது. 50 வருஷம் தாண்டின, பெரிசா மாத்தம் செய்யாத, வியாபாரத்துக்கு ஓடாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு 'வி.ஏ.'ன்னு தனி நம்பர். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அந்த வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி மாதிரி காரியங்களுக்கு மட்டும்தான். காருக்கும் பைக்குக்கும் அது சரி. உழவு டிராக்டர் அந்தக் கணக்குலயே வரலை, வராததுல எனக்கு வருத்தமும் இல்லை. வேலை செய்யாம இருக்கிறதுக்கு ஒரு சான்றிதழ் எங்களுக்கு எதுக்கு?

வாங்கித்தான் தீருவேன்னு இருக்கிறவங்களுக்கு: பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி பாருங்க, முடியலைன்னா அடிச்ச பிறகாவது வயலுக்குக் கொண்டு போய்ப் பாருங்க. விக்கிறவர் ஷெட்டுக்குள்ள ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறதை நம்பாதீங்க. சுமை இல்லாம எந்த வண்டியும் உறுமும். கலப்பையை மாட்டி, முழு ஆழத்துக்கு இறக்கி, நிறுத்தாம ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லுங்க. நீங்க சைலன்சரைப் பார்த்துக்கிட்டு நடங்க. முடிஞ்சதும் டேங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுங்க, டார்ச் அடிச்சு உள்ளேயும் பாருங்க. அதுக்கு ஒத்துக்கலைன்னா, அங்கேயிருந்து காரைக்குடிக்கு பஸ் ஏறி, முனீஸ்வரன் கோவில் தெருவுல அதே காசுக்கு நல்ல தூணு ரெண்டு பாருங்க.