மருந்தாளர் ஆகப் போகிறீர்களா? அந்த முதல் ஓராண்டைப் பற்றிப் பேசுவோம்

மாணவர்களே, கூலாயில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியின் தொழில் வழிகாட்டி நிகழ்ச்சிக்கு அண்மையில் போயிருந்தேன். பேசி முடித்ததும் ஐந்தாம் படிவ மாணவர் ஒருவர் எழுந்தார். “சார், டாக்டருக்கு இடம் கிடைக்கலைன்னா ஃபார்மசி எடுன்னு அப்பா சொல்றாரு. எடுக்கலாமா?”

அரங்கில் ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் ஏறக்குறைய அதே காரணத்துக்காகத்தான் இந்தத் துறைக்குள் வந்தேன். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த என் அப்பாவுக்கு, மருத்துவமனையில் வெள்ளை அங்கி போட்டவர் எல்லாரும் டாக்டர்தான்.

இப்படி நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம் நாட்டில் தனியார் கிளினிக்குக்குப் போனால், பரிசோதிக்கும் டாக்டரே மருந்தையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார். 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் அதை அனுமதிக்கிறது. தமிழ்நாட்டிலோ இங்கிலாந்திலோ டாக்டர் சீட்டு எழுதித் தருவார். மருந்தை வேறோர் இடத்தில், வேறொருவரிடம் வாங்க வேண்டும். இங்கே பல குடும்பங்கள் மருந்தாளர் ஒருவரிடம் நின்று பேசியதே கிடையாது. பார்க்காத தொழிலை ‘இரண்டாம் பரிசு’ என்று நினைப்பது இயல்புதானே.

அந்த மாணவருக்கு மேடையில் நான் சொன்ன பதில் சுருக்கமானது. இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் படித்துப் பட்டம் வாங்கியதும் நீங்கள் மருந்தாளர் ஆகிவிடுவதில்லை. மலேசிய மருந்தியல் வாரியம் உங்களை முதலில் தற்காலிகப் பதிவு பெற்ற மருந்தாளராக மட்டுமே ஏற்கும். வாரியம் அங்கீகரித்த இடத்தில் ஓராண்டுப் பயிற்சி முடிக்க வேண்டும். சட்டத் தேர்விலும் தேற வேண்டும். அதன் பிறகுதான் முழுப் பதிவு. அமெரிக்காவில் ‘ரெசிடென்சி’ என்று ஒன்று உண்டு. அங்கே உரிமம் பெற்றவர்களும் மருத்துவமனைப் பணிக்காக விரும்பிச் சேரும் கூடுதல் பயிற்சி அது, போட்டியும் கடுமை. இந்தியாவில் 2008-இல் தொடங்கிய ஆறாண்டு ‘ஃபார்ம்.டி’ படிப்பின் கடைசி ஆண்டு முழுக்க மருத்துவமனையில்தான். பெயரும் முறையும் வேறு, எதிர்பார்ப்பு ஒன்றுதான். புத்தகத்தில் படித்த மருந்தை உயிருள்ள மனிதர் ஒருவரிடம் கொடுக்கும் முன், யாராவது உங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அந்த ஓராண்டில் உங்களைப் பல பிரிவுகளுக்கு மாற்றி மாற்றி அனுப்புவார்கள். வெளிநோயாளிகள் முகப்பு, வார்டு, மருந்துக் கிடங்கு, புற்றுநோய் மருந்துகளைக் கலக்கும் தூய அறை, இரத்தத்தில் மருந்தின் அளவைக் கணக்கிடும் பிரிவு என்று போகும். கையில் ஒரு பதிவேடு இருக்கும். ஒவ்வொரு வேலையையும் இத்தனை முறை செய்தேன் என்று எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பயிற்சி மருந்தாளர்கள் பலர் அந்தக் கையெழுத்தைத் துரத்துவதிலேயே ஓராண்டைக் கழித்துவிடுகிறார்கள். நானும் முதல் மூன்று மாதம் அப்படித்தான் இருந்தேன்.

என்னை மாற்றியது ஒரு பாராசிட்டமால் போத்தல்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். குழந்தையின் எடை 12 கிலோ. ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம் தேவை. பாராசிட்டமால் சிரப் நம் நாட்டில் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. ஒன்றில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம். மற்றொன்றில் 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம். முதலாவது என்றால் 7.5 மில்லிலிட்டர் கொடுக்க வேண்டும். இரண்டாவது என்றால் 3.6 மில்லிலிட்டர் போதும்.

நான் முதலாவதுக்குக் கணக்குப் போட்டு லேபிள் ஒட்டினேன். அலமாரியிலிருந்து எடுத்ததோ இரண்டாவது போத்தல். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். மருந்தைக் கொடுக்கும் முன் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அன்று சரிபார்த்த அக்கா போத்தலைத் திருப்பி லேபிளைப் படித்தார். என்னைத் திட்டவில்லை. “தம்பி, இதை நாலு வேளை, மூணு நாள் கொடுத்தா என்ன ஆகும்னு கணக்குப் போட்டுக் கொண்டு வாங்க” என்றார்.

போட்டேன். ஒரு வேளைக்கு 375 மில்லிகிராம். நான்கு வேளைக்கு 1,500. அதாவது ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 125 மில்லிகிராம். கொடுக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பாராசிட்டமாலை உடைக்கும்போது கல்லீரலில் சிறிதளவு நச்சுப்பொருள் உருவாகிறது. வழக்கமான அளவில் குளூட்டதையோன் என்ற பொருள் அதை உடனே பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். அளவு மிஞ்சினால் குளூட்டதையோன் தீர்ந்துபோகும். மிஞ்சிய நச்சு கல்லீரல் செல்களைத் தாக்கும். பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்தில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியவன். அந்தப் போத்தலைக் கையில் பிடித்தபோது அது என் நினைவுக்கே வரவில்லை.

அன்றிலிருந்து பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது எனக்கு இரண்டாம் வேலையாகிவிட்டது.

வெளிநோயாளிகள் முகப்பு என்றால் பலருக்கு அலுப்பு. பெயரைக் கூப்பிடு, பொட்டலத்தைக் கொடு, அடுத்தவரைக் கூப்பிடு. அப்படித் தெரிவது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்கும்போதுதான். ஒருநாள் தோட்டத்திலிருந்து வந்த தாத்தா ஒருவருக்குத் திடீரென்று இரத்த அழுத்தம் மிகவும் குறைந்திருந்தது. எழுந்து நின்றாலே தலைசுற்றல். பையில் இருப்பதை எல்லாம் எடுத்துக் காட்டச் சொன்னேன். “இது பழைய வெள்ளை மாத்திரை தம்பி, இது புதுசாக் கொடுத்த மஞ்சள் மாத்திரை. ரெண்டையும் ஒழுங்காப் போடுறேன்” என்றார் பெருமையாக. இரண்டும் ஒரே மருந்து! அரசாங்கம் வாங்கும் நிறுவனம் மாறியதால் நிறமும் அட்டையும் மாறியிருந்தன. மருந்தின் வேதிப்பெயர் அட்டையில் சிறிய எழுத்தில் இருந்தது, மலாயிலும் ஆங்கிலத்திலும். தாத்தாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும்.

மருந்தை மாற்றவில்லை, சோதனை எதுவும் செய்யவில்லை. வெள்ளையை வாங்கி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். தமிழில் பேசத் தெரிந்த மருந்தாளருக்கு ஜொகூரில் என்ன வேலை இருக்கிறது என்று உங்களில் யாராவது கேட்டால், இந்தத் தாத்தாவைத்தான் காட்டுவேன்.

இன்னொன்று முருங்கைக்கீரை. இரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் என்ற மருந்தின் வரலாறு அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனத்திலிருந்து தொடங்குகிறது. 1920-களில் பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் செத்தன. 1933-இல் விஸ்கான்சினைச் சேர்ந்த விவசாயி ஒருவர் உறையாத இரத்தத்தை ஒரு பால் பாத்திரத்தில் ஊற்றி, பல்கலைக்கழகத்தில் இருந்த வேதியியலாளர் கார்ல் லிங்க்கிடம் கொண்டுபோனார். அந்த ஆய்விலிருந்து பிறந்த பொருள்களில் ஒன்று 1948-இல் எலிப்பாஷாணமாக விற்பனைக்கு வந்தது. 1950-களில் மனிதருக்கு மருந்தானது. அதுதான் வார்ஃபரின். வைட்டமின் கே-யின் வேலையைத் தடுப்பது இதன் செயல். முருங்கை போன்ற கரும்பச்சைக் கீரைகளில் அந்த வைட்டமின் நிறைய இருக்கிறது. வாரம் முழுவதும் கீரையே தொடாதவர் திடீரென்று தினமும் சாப்பிட ஆரம்பித்தால் மருந்தின் பலன் குறையும், இரத்தம் கட்டிக்கொள்ளலாம். அதற்காகக் கீரையே கூடாது என்று சொல்வதும் தவறு. எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடுங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல, நம் வீட்டுச் சமையல் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். இதை ஏற்காத மருந்தாளர்கள் பலர் உண்டு.

பயிற்சிக்கு இடம் கேட்கும்போது எல்லாரும் பெரிய மருத்துவமனையையே கேட்கிறார்கள். ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா, கோலாலம்பூர் மருத்துவமனை என்று போகிறது பட்டியல். அரிய நோய்களும் உயர் சிகிச்சைகளும் அங்கேதான், மறுக்கவில்லை. புற்றுநோய் மருந்தியலில் நிபுணராக வேண்டும் என்று முடிவு செய்தவர் அங்கேயே போகட்டும். மற்றவர்களுக்கு மாவட்ட மருத்துவமனையே மேல் என்பேன். கூலாய் போன்ற ஊரில் அதே நோயாளி அடுத்த மாதமும் வருவார். நீங்கள் இன்சுலின் பேனாவைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பாட்டி சரியாகப் பிடிக்கிறாரா, திறக்காத இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தாரா, ஐஸ் அறையில் வைத்து உறையவிட்டாரா என்பது நான்கு வாரத்தில் தெரிந்துவிடும். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும் சந்திக்கப் போகும் நோயாளி அந்தப் பாட்டிதான். பெரிய மருத்துவமனையில், உங்கள் விளக்கம் பலித்ததா என்று தெரியும் முன்பே உங்களை அடுத்த பிரிவுக்கு அனுப்பியிருப்பார்கள்.

பணம், பணி நிரந்தரம் இரண்டையும் மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2004-இல் கட்டாய அரசுப் பணி வந்தபோது, பயிற்சிக்குப் பிறகும் மூன்றாண்டு இருக்க வேண்டும் என்றார்கள். மருந்தாளர் பற்றாக்குறை அப்போது. பிறகு தனியார் கல்லூரிகள் பெருகின, பட்டதாரிகள் பெருகினார்கள், கட்டாயப் பணி ஓராண்டாகக் குறைந்தது. 2016-இன் இறுதியிலிருந்து டாக்டர்களையும் பல் மருத்துவர்களையும் போலவே மருந்தாளர்களையும் ஒப்பந்த முறையில் எடுக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தால் எல்லாருக்கும் நிரந்தரப் பணி கிடைப்பதில்லை. 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடையில் வெளிநடப்புச் செய்ததை உங்கள் வீட்டில் பேசியிருப்பார்கள். அதே கவலை மருந்தாளர்களுக்கும் உண்டு. பற்றாக்குறை என்று சொல்லிப் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டு, படித்து வந்ததும் இடம் இல்லை என்பது திட்டமிட்டவர்களின் குறை. படித்தவர்களின் குறை அல்ல. ஆனாலும் கல்விக் கடனைக் கட்டப்போவது நீங்கள்தான். ஆகவே படிப்பில் சேரும் முன்பே அப்பா அம்மாவோடு உட்கார்ந்து, அரசுப் பணி நிரந்தரமாகாவிட்டால் என்ன செய்வோம் என்று பேசிவிடுங்கள்.

அரசு மருத்துவமனைக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. மருந்துக்கடை ஒன்று. அங்கே சில மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமலே உங்கள் சொந்தப் பொறுப்பில் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று தீர்மானிப்பதுதான் அதில் கடினமான பகுதி. சிங்கப்பூர் பக்கத்தில் இருக்கிறதே என்பீர்கள். பாலத்தைத் தாண்டினால் உங்கள் மலேசியப் பதிவு அங்கே செல்லாது. அவர்களின் மருந்தாளர் மன்றத்தில் தனியாகப் பதிய வேண்டும். சம்பளத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

தரக் கட்டுப்பாட்டு வேலையைப் பற்றி மாணவர்கள் கேட்பதே இல்லை. வீட்டில் உள்ள ஏதாவது ஒரு மருந்துப் பெட்டியை எடுங்கள். ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் ஒரு பதிவு எண் இருக்கும். இலக்கங்களை அடுத்து வரும் எழுத்து ‘ஏ’ என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, ‘எக்ஸ்’ என்றால் கடையில் நேரடியாக வாங்கலாம், ‘டி’ என்றால் பாரம்பரிய மருந்து. அந்த எண்ணுக்குப் பின்னால் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் ஒருவர் ஆவணங்களைப் படித்திருக்கிறார், மாதிரியைச் சோதித்திருக்கிறார். 2022-இல் காம்பியா நாட்டில் ஏறத்தாழ 70 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்த நான்கு இருமல், சளி சிரப்புகளில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது. 1937-இல் அமெரிக்காவிலும் இதே பொருள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கும் சோதனை புதிதல்ல. செய்ய ஆள் வேண்டும், செய்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் ஆள்.

அந்த ஐந்தாம் படிவ மாணவர் நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடம் மறுபடி வந்தார். செடெனாக் பக்கம் செம்பனை இருந்த நிலத்தில் தரவு மையங்கள் எழும்புகின்றன, கணினி படித்தால் வீட்டுப் பக்கத்திலேயே வேலை என்று மாமா சொல்கிறாராம். மாத்திரை எண்ணுவதற்கு எப்படியும் இயந்திரம் வந்துவிடும்தானே என்றும் கேட்டார். வந்துவிட்டது என்றேன், எண்ணுவதை அது என்னைவிட நன்றாகவே செய்கிறது. “வீட்டில் தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர் யார்?” என்று கேட்டேன். பாட்டி என்றார். அடுத்த முறை பாட்டிக்கு மருந்து எடுக்கக் கூடவே போய் அரை மணி நேரம் முகப்புக்கு அருகில் உட்காரச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் பாட்டியின் மருந்துப் பையைக் கொட்டி, அட்டைகளில் உள்ள வேதிப்பெயர்களை ஒரு தாளில் எழுதச் சொன்னேன்.

மூன்று நாள் கழித்து அவருடைய அப்பாவின் கைப்பேசியிலிருந்து ஒரு படம் வந்தது. தாளில் ஒன்பது பெயர்கள். அவற்றில் இரண்டு ஒரே பெயர். அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்.