லட்சுமிகாந்தன் பேப்பரும் எங்கள் ஆச்சியும்

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால், தென்காசியில் எங்கள் வீடு சத்திரம்தான். இந்தத் தடவை அருவியில் குளித்துவிட்டு வந்த உறவுக் கூட்டம், ஈரத் தலையோடு கூடத்தில் உட்கார்ந்து சுக்குக் காபியுடன் ஒரு நடிகையின் பெயரையும் மென்றுகொண்டிருந்தது. மூலையில் படுத்திருந்த எங்கள் ஆச்சி (வயது 92) எழுந்து உட்கார்ந்து, "ஏளா, இப்படிப் பேசிப் பேசித்தாம்ளா பாகவதரை ஜெயிலுக்கு அனுப்புனாவ!" என்றாளே பார்க்கலாம்!

கூடம் கப்சிப். அப்புறம் கதையை ஆச்சி சொன்னது பாதி, நான் படித்துத் தெரிந்துகொண்டது பாதி.

யுத்த காலத்துச் சென்னை. காகிதப் பஞ்சம், பத்திரிகை நடத்த சர்க்கார் லைசென்ஸ் வேண்டும். போலிப் பத்திரக் கேஸில் அந்தமான் வரை போய் வந்த சி.என்.லட்சுமிகாந்தன், 'சினிமா தூது' என்று ஒன்றை ஆரம்பித்தார். நட்சத்திரங்களின் அந்தரங்கம்தான் அதில் சரக்கு. பணம் வந்தால் பேனா சும்மா இருக்கும், வராவிட்டால் எழுதும். பணம் கொடுத்தவர்களும் இருந்தார்கள் சகோதரிகளே, மானம் பெரிசாச்சே! தியாகராஜ பாகவதர், என்.எஸ்.கிருஷ்ணன், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். லைசென்ஸ் ரத்தானது. மனுஷர் விட்டாரா? 'இந்து நேசன்' என்ற பெயரில் மறுபடி அதே கடை!

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளியானது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 8-ஆம் தேதி வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போன லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்திவிட்டார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று.

யார் மேல் சந்தேகம் வரும்? மனுக் கொடுத்த மூன்று பேர் மேல்தான். நியாயமாக சர்க்காரிடம் போனதே பகைக்குச் சாட்சியாகிவிட்டது. இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 1945 மே மாதம் நாயுடு விடுதலை. மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட் அப்பீலும் தள்ளுபடி. உள்ளே பாகவதர் களி தின்ன, வெளியே சென்னை பிராட்வே தியேட்டரில் 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டது!

அந்தச் சமயத்தில் டி.ஏ.மதுரம் அம்மாள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. நாடகம் போட்டு, படம் எடுத்து, பணம் திரட்டிக் கணவருக்காகப் போராடினார். திரையில் நம்மைச் சிரிக்க வைத்த பெண்மணி! வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்தது. வக்கீல் எத்திராஜ் வாதாட, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை ஆனார்கள். (மறு வருஷம் பெண்களுக்கு எத்திராஜ் காலேஜ் தொடங்கியவரும் இவரேதான்.)

கலைவாணர் மறுபடி எழுந்து நின்றார். பாகவதருக்கு அந்தப் பழைய நாள் திரும்பவில்லை, 1959-இல் காலமானார். லட்சுமிகாந்தனைக் குத்தச் சொன்னது யார் என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை.

"அந்தப் பேப்பரை எங்க வீட்லயும் வாங்குனாவ. அரிசிப் பானைக்குப் பின்னால ஒளிச்சு வச்சு, எங்க சித்தி படிச்சுட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுப்பா. அந்த ஆளு தனியாவா எழுதுனான்? நாம காசு கொடுத்தோம்லா" என்று ஆச்சி முடித்தாள்.

எனக்குச் சுக்குக் காபி இறங்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், எங்கள் தெருப் பெண் ஒருத்தியைப் பற்றி மாவு மில்லில் காதில் விழுந்ததை நான் இரண்டு பேரிடம் சொன்னேன். இரண்டே பேர்தான். நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்றது. பிறகுதான் தெரிந்தது, அது வேறு யாரையோ பற்றிய பேச்சு என்று. அந்தப் பெண் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள்.

அவள் அம்மாவைப் போன வாரம் ஐந்தருவியில் பார்த்தேன். "மதினி, சோப்பு இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். கொடுத்தேன். வேறு ஒன்றும் சொல்ல வாய் வரவில்லை.