கேட்கப்படாத கேள்விகள்

‘இனிப்பு நீர்’ என்ற சொல்லை அறியாத தமிழ்க் குடும்பம் இந்நாட்டில் இருக்க முடியாது. ஜாசினிலோ அலோர்காஜாவிலோ ஒரு திருமண விருந்துக்குச் சென்று பாருங்கள். பாயசம் வரும்போது இலையைக் கையால் மறைப்பவர்கள் வரிசைக்கு இருவராவது இருப்பார்கள். அந்நோய்க்கு நம் வாயில் ஒரு பெயர் இருக்கிறது. ஊசியால் விரல் நுனியைக் குத்திப் பார்க்கும் சோதனையும் இருக்கிறது. ஆகவே, கட்டுப்படுத்துகிறோமோ இல்லையோ, நோய் இருப்பதையாவது அறிந்து வைத்திருக்கிறோம்.

இனிப்பு நீர் ஒரு ஹார்மோன் நோய். இன்சுலின் என்ற இயக்குநீர் குறைவதாலோ சரிவர வேலை செய்யாததாலோ அது வருகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்ற நோய்களோ நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பெயரில்லாமல் உலவுகின்றன. மருந்து இல்லாததால் அல்ல. கேட்க வேண்டிய கேள்வியை யாரும் நம் மொழியில் கேட்காததால்தான் அவை கண்டுபிடிக்கப்படாமல் போகின்றன என்பது என் கருத்து.

மூளைக்கு அடியில், எலும்புக் குழி ஒன்றில், பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பிட்யூட்டரி என்பது அதன் பெயர். தைராய்டு, அட்ரினல், கருப்பை அருகேயுள்ள சினைப்பைகள் ஆகியவற்றுக்கெல்லாம் கட்டளை அனுப்புவது இதுவே. தமிழில் இதற்குக் ‘கபச்சுரப்பி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூளையிலிருந்து சளியை மூக்குக்கு இறக்குவது இதன் வேலை என்று பழங்கால ஐரோப்பியர் நம்பினர். சளியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டனர். நாம் அந்தப் பிழையையும் சேர்த்தே மொழிபெயர்த்துக் கொண்டோம். கலைச்சொல் ஒன்றை உருவாக்கிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணும் நமக்கு இது ஒரு பாடம்.

இந்நோய்களில் ஒன்றை மட்டும் சற்று விரிவாகப் பார்ப்போம். கருவுற்ற காலத்தில் பிட்யூட்டரி பருத்து, அதிக இரத்தத்தை வேண்டி நிற்கும். பேறுகாலத்தில் இரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போய் இரத்த அழுத்தம் வீழ்ந்தால், அந்தச் சுரப்பியின் முன்பகுதி மடிந்துபோகலாம். தாய் பிழைத்துக் கொள்வாள். ஆனால், மார்பில் பால் சுரக்காது. மாதவிலக்கு திரும்பாது. அக்குள் முடி உதிர்ந்து போகும். குளிர் தாங்காது, எந்நேரமும் சோர்வாக இருக்கும். 1937-ஆம் ஆண்டில் ஷீஹான் என்ற ஆங்கில மருத்துவர் இதை விளக்கி எழுதியதால், அவர் பெயராலேயே இந்நோய் அழைக்கப்படுகிறது.

மருத்துவமனைப் பேறு வழக்கமாகிவிட்ட நாடுகளில் இது அரிதாகிவிட்டது. ஆனால், 2005-இல் வெளிவந்த காஷ்மீர் ஆய்வொன்று, பிள்ளை பெற்ற, 20 வயதைத் தாண்டிய பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய மூவருக்கு இந்நோய் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே பிள்ளை பெற்றவர்கள். நம் பாட்டிமார் எங்கே பிள்ளை பெற்றார்கள்? பலர் லயத்து வீட்டில், மருத்துவச்சியின் கையில்தானே பெற்றார்கள்?

என் சின்னப் பாட்டி, அதாவது பாட்டியின் தங்கை, அப்படிப்பட்டவர்தான். ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில் 1979-இல் மூன்றாவது பிள்ளையைப் பெற்றபோது, விரித்த சாக்கெல்லாம் இரத்தம் நனைந்ததாக என் தாயார் சொல்வார். அந்தப் பிள்ளை டின் பால் குடித்தே வளர்ந்தது. அதன்பிறகு, பால்மரம் வெட்டுவதில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்த பெண் காலையில் எழவே திணறினார். ‘சோம்பேறி’ என்றார்கள், ‘காத்து கருப்பு’ என்றார்கள். கோழி அறுத்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். ஊருக்கு ஊர் மருத்துவரிடமும் காட்டினார்கள். இரத்தச் சோகை என்று சத்து மாத்திரை கொடுத்தனுப்பினார்கள். 2003-இல் ஒரு சாதாரணக் காய்ச்சலில் நினைவிழந்து விழுந்தபோதுதான், மருத்துவமனை ஒன்றில் இளம் பெண் மருத்துவர் ஒருவர், “கடைசிப் பிள்ளைக்குப் பால் கொடுத்தீர்களா, அம்மா?” என்று தமிழில் கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு 24 ஆண்டுகள் ஆயின.

கேள்வி கேட்கப்பட்ட பிறகு எல்லாம் எளிதாகவே நடந்தது. காலை எட்டு மணி அளவில் எடுத்த இரத்தத்தில் கார்ட்டிசால் அளவைப் பார்த்தார்கள். தைராய்டு அளவையும் பார்த்தார்கள். சிகிச்சை மாத்திரைகள்தாம். ஆனால், அவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன், அதற்குப் பிறகே தைராக்சின். வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து. ஆயுள் முழுவதும் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சின்னப் பாட்டி இன்று எழுபதைத் தாண்டி நடமாடுகிறார்.

இதற்கு நேர்மாறான இன்னொரு தொல்லையும் நம்மிடையே இருக்கிறது. வெட்டுக்காட்டிலும் செம்பனைக் காட்டிலும் உழைத்துத் தேய்ந்த முழங்கால்களுக்கு இரவுச் சந்தையில் பொட்டல மருந்து கிடைக்கிறது. ‘மூலிகை’ என்று உறையில் எழுதியிருக்கும். இரண்டே நாளில் வலி பறந்துவிடும். அத்தகைய பொருள்கள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு சோதனையில் கண்டுபிடித்துப் பலமுறை அறிவித்திருக்கிறது. தொடர்ந்து சாப்பிட்டால் முகம் நிலவுபோல் உப்பும். தோல் மெலிந்து எளிதில் கன்றிப் போகும். இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் ஏறும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வருவதைக் கண்ட பிட்யூட்டரி, அட்ரினலுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். பிறகு ஒருநாள் மருந்து தீர்ந்துபோனால் உடல் தாங்காமல் சரிந்துவிடும். எனவே, இதைப் படித்துவிட்டு வீட்டில் உள்ள பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பொட்டலத்தோடு மருத்துவரைப் பாருங்கள். படிப்படியாகத்தான் விடுவிக்க முடியும். இனி வாங்கும்போது எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் உறையில் உண்டா என்று பாருங்கள்.

இந்த இரண்டு நோய்களிலும் பொதுவான ஒன்றைக் கவனித்தீர்களா? இரத்தச் சோதனை பின்னால்தான் வருகிறது. முன்னால் வர வேண்டியது நோயாளியின் கதை. சந்தேகம் தோன்றினால்தான் மருத்துவர் கார்ட்டிசால் பார்ப்பார். 1998 முதல் இந்நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே தைராய்டு குறைபாடு பார்க்கிறார்கள். குழந்தைக்குக் கதை சொல்லத் தெரியாது, சோதனை போதும். தாய்க்குக் கதை இருக்கிறது. அதைக் கேட்க ஆள் வேண்டும்.

‘இதற்கு மருத்துவர்கள் இருக்கிறார்களே, மொழிக் கழகத்துக்கு என்ன வேலை?’ என்று சிலர் கேட்கலாம். கிளினிக்கில் என்ன நடக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். காத்திருப்போர் கூட்டம் வாசல்வரை நிற்கிறது. அம்மாவுக்கு மலாய் திணறுகிறது. மொழிபெயர்க்க மகன் பக்கத்தில் நிற்கிறான். மாதவிலக்கு நின்றதையும் முடி உதிர்ந்ததையும் எந்தத் தாய் மகன் வாயால் சொல்ல வைப்பாள்? ‘உடம்பு முடியல’ என்பாள். மகன் ‘பெனாட்’ என்பான். மருத்துவர் சத்து மாத்திரை எழுதுவார். நோய் அந்த மூன்று சொற்களுக்கு நடுவில் காணாமல் போய்விடுகிறது. அங்கே மொழிபெயர்ப்பாளராக நிற்பவர்கள் பெரும்பாலும் யார்? பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வீடு திரும்பிய நாம்தான்.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தறிய வேண்டும் என்று வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் சொன்னதை மேடைதோறும் முழங்குகிறோம். அதைச் செயலில் காட்ட எனக்குத் தோன்றும் வழிகள் இரண்டு.

முதலாவது, தோட்டங்களுக்குச் சேவை முகாம் செல்லும்போது சொற்பொழிவைக் குறைத்து, சில கேள்விகளைக் கொண்டு செல்வோம். பெண்களிடம் பெண் உறுப்பினர்களே தனியாகக் கேட்கட்டும். பிள்ளைப்பேற்றின்போது அதிக இரத்தம் போனதா? பால் சுரந்ததா? அதன்பின் மாதவிலக்கு வந்ததா? மூட்டுவலிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள், பொட்டலத்தைக் காட்ட முடியுமா? மோதிரமும் காலணியும் ஆண்டுக்காண்டு இறுகுகின்றனவா? பழைய அடையாள அட்டைப் படத்துக்கும் இன்றைய முகத்துக்கும் தாடையும் மூக்கும் மாறிவிட்டனவா? பிள்ளை இல்லை என்று ஏச்சு வாங்கும் மருமகளுக்கு, கருவுறாமலேயே மார்பில் பால் கசிகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை வந்தால், அது பிட்யூட்டரியில் உள்ள சிறு கட்டியாக இருக்கலாம். பெரும்பாலும் அதற்கு மாத்திரையே போதும். ‘மலடி’ என்ற பட்டத்தைச் சுமந்தே வாழ்ந்து மறைந்த பெண்களில் எத்தனை பேருக்கு இதுவாக இருந்ததோ! விடைகளைத் தாளில் எழுதி, அவரிடமே கொடுத்து, அரசாங்க கிளினிக்குக்கு அனுப்புவோம். குடிமக்களுக்கு அங்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். அங்கிருந்து மலாக்கா மருத்துவமனைக்கும், தேவைப்பட்டால் ஹார்மோன் நோய்களுக்குப் பெயர்பெற்ற புத்ராஜெயா மருத்துவமனைக்கும் வழி உண்டு. நோயைக் கண்டுபிடிப்பது மருத்துவர் வேலை. கதையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை.

இரண்டாவது, ஸ்டீராய்டு மாத்திரை உண்போருக்கு எளிய தமிழில் ஒரு கையடக்க அட்டை. ‘இதை நிறுத்தக்கூடாது, காய்ச்சல் வந்தால் இப்படிச் செய், வாந்தி எடுத்தால் உடனே மருத்துவமனைக்குப் போ’ என்ற மூன்றே வரிகள் போதும். மருத்துவப் புல மாணவர்கள் எழுத, மருத்துவர் ஒருவர் சரிபார்க்க, தமிழ் மாணவர்கள் மொழியைச் செம்மை செய்யலாம். ‘கபச்சுரப்பி’ போன்ற சொற்கள் அதில் வேண்டாம். மெர்லிமாவ் பாட்டிக்கும் மஸ்ஜித் தானா அத்தைக்கும் வாசித்தவுடன் புரிய வேண்டும். அடுத்த முகாமுக்குள் அந்த அட்டை அச்சாகி நம் கையில் இருக்க வேண்டும் என்பதே இக்கழகத்தின் முன் நான் வைக்கும் வேண்டுகோள்.