நோட்டீசைத் திருப்பி அனுப்பினால் விவாகரத்து வழக்கு நின்றுவிடுமா?

"கையெழுத்துப் போட்டு வாங்கினால்தானே கேசு? ஆள் இல்லைன்னு திருப்பி அனுப்பிடு!"

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் விவாகரத்து நோட்டீசு வந்ததும் உறவுக்காரர்கள் சொல்லும் யோசனை இது. நம்பினால் திண்டாட்டம்தான்!

கோர்ட்டு சம்மனை வாங்க மறுத்தால், அது கைக்கு வந்ததாகவே கணக்கு. வாய்தா அன்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆளும் இல்லை, வக்கீலும் இல்லை என்றால் 'எக்ஸ்பார்ட்டி'. மனுப் போட்டவர் தரப்புச் சாட்சியத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

பிறகு விழித்துக்கொண்டால்? தீர்ப்பான 30 நாளுக்குள், வராததற்குத் தக்க காரணம் காட்டி ரத்து மனுப் போடலாம். நாள் தாண்டினால் அந்தத் தாமதத்துக்கும் காரணம் சொல்லவேண்டும். "வேண்டுமென்றேதான் வாங்கவில்லை" என்பது காரணம் ஆகுமா? அப்பீல் கெடுவும் முடிந்துவிட்டால் எதிர்த்தரப்பு மறுமணமே செய்துகொள்ளலாம்.

எந்தக் கோர்ட்டு?

கணவர் அம்பத்தூரில் இருப்பார். மனைவி பூந்தமல்லியில் தாய் வீட்டுக்குப் போயிருப்பார். இந்து திருமணச் சட்டத்தில் 2003-ல் வந்த திருத்தப்படி, மனைவி தான் குடியிருக்கும் ஊருக்குரிய கோர்ட்டிலேயே மனுப் போடலாம். "நம்ம ஏரியா கோர்ட்டு இல்லையே" என்று கணவர் சும்மா இருக்கக் கூடாது. அந்த ஆட்சேபணையையும் அங்கே போய்த்தான் சொல்லவேண்டும்.

ஜீவனாம்ச பாக்கி

இழுத்தடித்தால் பணம் மிச்சம் என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் நடக்காது. ஜீவனாம்சத்தை மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 4-11-2020 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஒளிந்திருந்த மாதங்களும் பாக்கியில் ஏறும்!

முதல் நாளே சண்டையா?

இல்லை. 1984-ம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டப்படி முதலில் சமரச முயற்சிதான். பேசித் தீர்க்க நினைப்பவருக்கு அதுவே நல்ல வாய்ப்பு.

வக்கீலுக்குப் பணமில்லையா? வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமான வரம்புக்குள் வரும் ஆண்களுக்கும் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

தபால்காரரோ அமீனாவோ வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். வாங்குங்கள், வாய்தா தேதியைக் காலண்டரில் குறியுங்கள். வாங்குவதால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்ல அதுதான் வழி.