முதல் வரியில் நிற்பவர் யார்?

கிளைகளிலிருந்து நம் ஏட்டுக்கு வரும் செய்திகளுள் பல ஒரே அச்சில் வார்த்தவை. இன்னார் தலைமை வகித்தார், இன்னார் வரவேற்றார், இன்னார் மாலை அணிவித்தார் – நன்றி நவிலல் வரை பெயர்களின் அணிவகுப்பு! குடிநீர் காணாத தெருவைப் பற்றித் தோழர் முழங்கியது எங்கே? கடைசி வரிக்கு முந்திய வரியில். பக்கத்தில் இடம் போதாதபோது முதலில் வெட்டுக்கு இரையாவதும் அவ்வரியே.

தொடக்கம் வெறும் அலங்காரம் அன்று. யார் பக்கம் நின்று எழுதுகிறோம் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

1945-ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். ஆகஸ்டு 6-இல் ஹிரோஷிமாமீது அணுகுண்டு வீழ்ந்தது. செப்டம்பர் 2-இல் ஜப்பான் சரணடைந்து கையொப்பமிட்ட காட்சியைக் காண, 'மிசௌரி' போர்க்கப்பலில் நிருபர் கூட்டம் திரண்டது. ஆஸ்திரேலியரான வில்ஃபிரெட் பர்ச்செட் அங்கே செல்லவில்லை. டோக்கியோவில் ரயிலேறி, மறுநாள் ஹிரோஷிமாவில் இறங்கினார். இடிபாடுகளிடையே அமர்ந்து தட்டெழுதினார். 5-9-1945 அன்று லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' அதை வெளியிட்டது. தொடக்கத்தில் இருந்தது என்ன? குண்டின் வலிமையா? தளபதியின் வீரமா? இல்லை! குண்டு வீழ்ந்து முப்பது நாள் கடந்தும், காயமே படாதவர்கள்கூட விளங்காத நோயால் மடிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதே. இடம், காலம், மாந்தர், மரணம் – நான்கும் ஒரே வாக்கியத்தில்! நோய்க்குப் பெயர் தெரியாமல், அணுக் கொள்ளைநோய் என்றார்.

13-9-1945 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' ஏடும் ஹிரோஷிமாவைப் பற்றி எழுதிற்று. அதன் முதல் வாக்கியத்தில் நின்றவர், அமெரிக்கப் படைத்தளபதி ஃபேரல். குண்டின் ஆற்றல் ஆக்கியோர் எண்ணியதினும் பெரிது. ஆபத்தான கதிரியக்கம் நீடிக்கவில்லை – இது அவர் கூற்று. அவர் சொன்னார், ஏடு எழுதிற்று. அதில் பொய் இல்லை. ஆனால் மயிர் உதிர்ந்து, ஈறுகளில் குருதி கசியக் கிடந்த மக்கள் எங்கே? தளபதியின் தோளுக்குப் பின்னால் மறைந்தனர்!

பர்ச்செட் அனைத்தும் அறிந்தவர் என்று கூறவில்லை. நோயின் காரணம் அவருக்கு முழுதும் விளங்கவில்லை. மாண்டவருள் பலர் குண்டு வெடித்த கணத்திலேயே கதிர்வீச்சுக்கு இலக்கானவர்கள். எனினும், கண்ணால் கண்டதை அவர் முதலில் வைத்தார்.

அடுத்த கூட்டச் செய்தியை எழுத அமரும் தோழர், தலைமை வகித்தவரின் பெயரை மூன்றாம் பத்திக்கு அனுப்பட்டும். அவர் சினங்கொள்வாரா? கொள்ளட்டும். தெருவின் பெயரும், எத்தனை நாளாகக் குழாயில் நீர் வரவில்லை என்பதும் முதலில் வரட்டும். அந்தக் கணக்குத் தெரியவில்லையா? எழுதுகோலை வைத்துவிட்டு, அத்தெருவுக்குச் சென்று கேட்டு வாருங்கள்.